சார்ஜ் ஏறும்போது சிவப்புக் கொடி

புதிதாக செல்போன் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு காகிதம் மடித்து வைத்திருப்பார்கள். பொடிப்பொடியான எழுத்து. பிரித்தால் பாதி மேஜையை அடைக்கும். நீங்களும் நானும் அதைத் தொடாமலே பெட்டியோடு பரணில் போட்டுவிடுவோம். அந்தக் காகிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் குன்னூரில், எங்கள் தெருவில், என் கடைக்கு மேலே நாற்பத்திரண்டு படி தள்ளிக் குடியிருக்கிறார். அதை அச்சடித்த கம்பெனிக்காரர்களே முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்யத் தயார்.

தெருவில் அவருக்கு சேஃப்டி அண்ணன் என்று பெயர். சொந்தப் பெயர் எனக்கே தெரியாது. ஒரு தடவை ஆதார் கார்டை நகல் எடுக்க வந்தார். பெயர் இருந்த இடத்தையும் எண் இருந்த இடத்தையும் விரலால் மறைத்துக்கொண்டே மிஷினில் வைத்தார். அவர் முகமும் இரண்டு விரல்களும் அழகாக நகலில் விழுந்தன. அதை எந்த ஆபீஸில் வாங்கிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

எனக்கும் தெருவில் பெயர் கிடையாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டுத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் நான் ஜெராக்ஸம்மா.

சேஃப்டி அண்ணன் வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவர். பாதுகாப்புப் பிரிவு. தீப்பெட்டி, பீடி, செருப்பின் ஆணி, சட்டைப்பையில் மறந்துபோன சாவி என்று ஒன்று விடாமல் தடவிப் பார்த்து ஆட்களை உள்ளே அனுப்புகிற வேலை. "வாசல்ல ஒரு செம்புத் தகடு இருக்குமுங்க. அதைத் தொட்டுப்போட்டுத்தான் உள்ள போகோணும். ஒடம்புல இருக்கற கரண்டு எறங்கிரோணும் பாருங்க" என்பார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டிப் பத்து விரல்களையும் விரித்துக் காட்டுவார். "என்ற செக்ஷன்ல ஒருத்தனுக்கு ஒரு நகம் போனதில்லீங்க." வேலைக்காலத்தைப் பற்றி அவர் பெருமையடித்துக்கொள்வது அது ஒன்றைத்தான். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "அதுல ரிஸ்க் ஜாஸ்திங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

வேலை செய்த இடத்துக்குள் போன் கொண்டுபோகவே கூடாது என்பதால் அவர் போனே வைத்துக்கொண்டதில்லை. ஓய்வு பெற்ற அன்று சக தொழிலாளிகள் சேர்ந்து ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில், கைக்குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிவருவது போல அந்தப் பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என் கடைக்கு வந்தார். உள்ளேயிருந்த காகிதத்தை மட்டும் எடுத்து நீட்டினார்.

"ஏனுங்க ஜெராக்ஸம்மா, இதைப் பெருசு பண்ணிக் குடுக்க முடியுங்களா?"

"எவ்வளவு பெருசுங்ண்ணா?"

"கண்ணாடி போடாம, நாலடி தள்ளி நின்னு படிக்கற மாதிரிங்க."

இருபத்து மூன்று பெரிய தாள்கள் ஆயின. எல்லாம் ஆங்கிலம். ஒரு வாரம் மத்தியான வேளையில் கடையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் தமிழ் கேட்டு எழுதிக்கொண்டார். நானும் பொறுமையாகச் சொல்லி வந்தேன். பேட்டரி பற்றிய பகுதி வந்தபோதுதான் வாயை விட்டேன்.

"லித்தியம்னு போட்டிருக்குதுங்ண்ணா. பேட்டரிக்குள்ள ஏதோ ஒரு மருந்து போல."

அண்ணனின் பேனா நின்றது. "மருந்துங்களா?"

எனக்கு மருந்து என்றால் இருமல் மருந்து, வயிற்றுவலி மருந்து. முப்பத்து நாலு வருடம் அந்தத் தொழிற்சாலையில் இருந்தவருக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடையில் நின்ற மூன்று பேரின் சட்டைப்பைகளைப் பார்த்தார். மூன்றிலும் போன் இருந்தது.

"இத நெஞ்சுல வெச்சுட்டா எல்லாரும் சுத்தறாங்க?" என்றார்.

அன்றோடு எங்கள் தெருவின் நிம்மதி போயிற்று.

முதலில் அவர் வீட்டு வாசலில் ஒரு செம்புத் தகடு ஏறியது. போனை எடுக்கும் முன் அவர் அதைத் தொடுவார். விருந்தாளிகளும் தொட வேண்டும். அடுத்து சார்ஜ் போடும் முறை. அறையின் நடுவே ஒரு கடப்பைக் கல். அதன் மேல் போன். சுற்றிலும் மூன்றடிக்குள் துணி, காகிதம், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. ஓரமாக ஒரு வாளி மணல். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அண்ணன். இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்க விடமாட்டார். எண்பதைத் தாண்ட விடமாட்டார். ஏற ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், தொட்டுப் பார்த்த சூடு எல்லாம் ஒரு நோட்டில் ஏறும். அவ்வளவு நேரமும் ஜன்னலில் ஒரு சிவப்புக் கொடி பறக்கும். யாரும் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார் என்று பொருள்.

அந்தக் கொடியைப் பார்த்துவிட்டு ஒரு நாள் இரண்டு தோழர்கள் படியேறி வந்தார்கள். "ஐயா, இந்தத் தெருவுல நம்மாளு ஒருத்தரு இருக்கறது இத்தனை நாளாத் தெரியாமப் போச்சுங்களே!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் போனை விட்டுக் கண்ணை எடுக்காமல், "சத்தம் போடாதீங்க. எழுபத்தெட்டு ஆயிருச்சு. இன்னும் ரெண்டே ரெண்டுதான்" என்றார். எந்த ஊரில் எழுபத்தெட்டு, எதற்கு இன்னும் இரண்டு என்று புரியாமல் தோழர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

தன் போனோடு அவர் நிறுத்திக்கொண்டிருந்தால் சரி. தெருவில் யார் வீட்டுக்குப் போனாலும் தலையணைக்கு அடியில் போன் சார்ஜில் கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். சார்ஜர் வயர் பிய்ந்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால், பேச்சோடு பேச்சாகக் கத்தரிக்கோலால் அதை இரண்டாக நறுக்கிவிட்டு, "நாளைக்குப் புதுசு வாங்கிருங்க" என்பார். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் துணி காய வேண்டுமானால் கரிக்கணப்புக்கு மேலே கொடி கட்டித்தான் போடுவோம். என் வீட்டுக்காரர் பச்சைத் தேயிலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். ஒரு நாள் மழையில் போன் நனைந்துபோக, அதையும் ஒரு சாக்ஸுக்குள் போட்டுக் கணப்புக்கு மேலே மாட்டிவிட்டார். வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த சேஃப்டி அண்ணனின் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிட்டது. உள்ளே பாய்ந்தார். "ஏனுங்க, இது போனுங்களா, கருவாடுங்களா?" என்று அதை இறக்கி, அணைத்து, சிம்மை எடுத்துத் துடைத்து, ஜன்னலோரம் வைத்தார். அரிசிக்குள் போட்டுவைக்கலாமே என்று நான் சொன்னேன். "அரிசி சோறாக்கறதுக்குங்க" என்றார். இரண்டு நாள் கழித்து அந்த போன் பேசியது. என் வீட்டுக்காரர்தான் இரண்டு நாளும் பேசாமல் இருந்தார்.

என் கடைக்கு அவரால் வந்த நஷ்டம் தனிக் கதை. வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் ஆதார் அட்டைகளையும் பாஸ்புக்கையும் அனுப்புவார்கள். நான் பிரிண்ட் போட்டுக் கொடுப்பேன். அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நிற்பார்.

"பிரிண்ட் வந்துருச்சுங்களா? இப்ப அழிங்க."

"அப்புறம் அழிச்சுக்கறேன்ங்ண்ணா. ஆள் நிக்கறாங்க."

"அவிக கண்ணு முன்னால அழிச்சுக் காட்டோணும். உங்க போனு நாளைக்குக் காணாமப் போச்சுன்னா இந்தம்மாவோட குடும்பமே காணாமப் போயிரும்."

உடனே அந்தம்மா பயந்து, பிரிண்டையும் வாங்காமல் போனையும் மூடிக்கொண்டு போய்விடுவார். ஒருமுறை கோபம் தாங்காமல், "அண்ணா, நீங்க எங்கடைக்கு நல்லது பண்றீங்களா, கெட்டது பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "ஃபேக்டரில என்னை இதவிட மோசமாத் திட்டியிருக்கறாங்க. திட்டினவங்க எல்லாம் முழுசா ரிடையர் ஆனாங்க" என்றார்.

ஆனால் அவரால் ஊருக்கே பெருமை வந்த நாளும் உண்டு. பூங்கா வாசலில் ஒரு குரங்கு, தேனிலவுக்கு வந்திருந்த ஒரு பெண்ணின் போனைப் பிடுங்கிக்கொண்டு மரத்தின் உச்சியில் ஏறிவிட்டது. புதுமாப்பிள்ளை கல்லை எடுத்தான். "கல்லெறிஞ்சா அதுவும் எறியுமுங்க. அது கையில இருக்கறது போனு" என்று அண்ணன் தடுத்தார். பக்கத்தில் கம்பளி விற்றுக்கொண்டிருந்தவரிடம் ஒரு பெரிய கம்பளியை வாங்கினார். டாக்ஸி ஓட்டுநர்கள், கேரட் விற்பவர், மாப்பிள்ளை, ஒரு வெளிநாட்டுக்காரர் என்று எட்டுப் பேரைச் சுற்றி நிறுத்தி, மரத்தடியில் அதை விரித்துப் பிடிக்கச் சொன்னார். நானும் ஒரு மூலை. "வலது பக்கம் ரெண்டடி! கம்பளிய இறுக்குங்க! தொங்க விடாதீங்க!" குரங்கு கிளைக்குக் கிளை தாவத் தாவ, நாங்கள் ஒன்பது பேரும் சுவாமி ஊர்வலம் போல அடியில் நகர்ந்தோம். கடைசியில் அவர் ஒரு கேரட்டை நீட்டினார். குரங்கு யோசித்தது. போனை விட்டது. போன் கம்பளியின் நட்டநடுவில் விழுந்தது.

கூட்டம் கைதட்டியது. அந்தப் பெண் அழுதுகொண்டே நன்றி சொன்னாள். அண்ணன் போனை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் இருண்டது.

"ஏம்மா, இதுக்கு லாக்கே போடலியே!"

அடுத்த இருபது நிமிடம் தேனிலவுத் தம்பதி, பிறந்த தேதியை ஏன் கடவு எண்ணாக வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். மரத்தில் குரங்கும் கேட்டது.

இதெல்லாம் சிரிக்கிற கதை. இனிச் சொல்லப்போவது நடந்தபோது நான் சிரிக்கவில்லை.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று நாளாக மழை. தெருவில் நடமாட்டமே இல்லை. காலை பத்து மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் என் மகளின் பெயரைச் சரியாகச் சொன்னார்கள். அவள் பெயரில் வெளிநாட்டுக்குப் போக இருந்த ஒரு பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். வழக்குப் பதிவாகிவிட்டதாம். பெரிய அதிகாரி வீடியோவில் விசாரிப்பார் என்றார்கள். வீடியோவில் காக்கிச் சட்டையும் தொப்பியும் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பின்னால் கொடி, அலமாரி, கோப்புகள்.

"மேடம், நீங்க இப்போ டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க. யார்கிட்டயும் பேசக் கூடாது. போனைக் கட் பண்ணக் கூடாது. கட் பண்ணீங்கன்னா அடுத்த நிமிஷம் உங்க பொண்ணை கிளாஸ்லயே வந்து தூக்கிடுவோம். டிவில முகம் வரும். பரவாயில்லையா?"

இப்படி எல்லாம் ஏமாற்றுவார்கள், போலீஸ் யாரையும் வீடியோவில் கைது செய்வதில்லை, நம்பாதீர்கள் என்று காவல்துறை ஒரு நோட்டீஸ் போட்டிருந்தது. அந்த நோட்டீஸை இருநூறு நகல் எடுத்துக் கொடுத்ததே நான்தான். ஒன்று என் கடைச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டுதான் நான் அவர் சொன்னதற்கெல்லாம் 'சரிங்க சார்' என்றுகொண்டிருந்தேன். மகளின் பெயரைச் சொன்ன பிறகு எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே மறந்துபோயிருந்தது.

ஷட்டரை இறக்கச் சொன்னார். முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். கணக்கு எண்ணைக் கேட்டார். சொன்னேன். கையில் இருக்கும் பணம் குற்றப்பணமா என்று சோதிக்க அவர்கள் கணக்குக்கு மாற்ற வேண்டும், சோதித்ததும் திருப்பிவிடுவோம் என்றார். அது மகளின் படிப்புக்காக நானும் வீட்டுக்காரரும் பத்து வருடமாக ஒதுக்கி வைத்தது. மாற்றுகிறேன் என்றேன். அவளைத் தொடாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். அதற்குள் போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது.

"சார், நாலு பர்சன்ட்தான் இருக்கு" என்றேன்.

"சார்ஜ்ல போட்டுட்டே பேசுங்க. லைன் கட் ஆகக் கூடாது" என்றார் அதிகாரி.

அந்த மனிதர் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நான் வயரை மாட்டினேன். முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அதே நேரத்தில் குடையோடு படியிறங்கி வந்த சேஃப்டி அண்ணன், கடை ஏன் பாதி மூடியிருக்கிறது என்று குனிந்து பார்த்திருக்கிறார். இருட்டுக்குள் என் முகம் தெரியவில்லை. என் அழுகை தெரியவில்லை. அவர் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான்: சுவரிலிருந்து கிளம்பி என் கையிலிருந்த போனுக்கு வந்து சேர்ந்த வெள்ளை வயர்.

ஷட்டர் தடதடவென்று மேலே போனது.

"ஏனுங்க ஜெராக்ஸம்மா! சார்ஜ்ல மாட்டிப்போட்டு மூஞ்சிக்கு நேரா வெச்சுப் பேசிட்டிருக்கறீங்களே! மத்தவங்க பண்ணினாப் பரவால்ல. அந்தக் காயிதத்தப் படிச்சுச் சொன்னதே நீங்கதானுங்களே!"

நான் உதட்டில் விரலை வைத்து, போய்விடுங்கள் என்று சைகை காட்டினேன். அவர் சுவிட்சை அணைத்து வயரைப் பிடுங்கினார். பழக்க தோஷத்தில் மிஷினின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு, போனை என் கையிலிருந்து வாங்கினார். அப்போதுதான் திரையைப் பார்த்தார்.

"யோவ், யார் நீ? இது சீக்ரெட் விசாரணை. குறுக்க வந்தா நீயும் அரெஸ்ட்!" என்று போன் கத்தியது.

அண்ணன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டார். அவர் முப்பத்து நாலு வருடம் தொழிற்சாலையில் எப்படி நின்றிருப்பார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"சரிங்க. உங்க பேரு, அடையாள எண்ணு, எந்த ஸ்டேஷன், உங்களுக்கு மேல ஆபீசர் யாரு. நாலும் சொல்லுங்க. நான் அந்த ஸ்டேஷனுக்கே கூப்பிட்டு, அப்படி ஒரு ஆளு இருக்கறாரான்னு கேட்டுப்போட்டு உங்ககூடப் பேசறனுங்க."

"என்னையே கேள்வி கேக்கறியா?"

"எங்க மேனேஜரையே கேட்டிருக்கறனுங்க. பாஸ் காட்டினாருங்க. காட்டாம யாரும் உள்ள போனதில்லீங்க."

அதிகாரி பல்லைக் கடித்தார். சட்டம், ஜெயில், ஏழு வருடம் என்று ஏதேதோ சொன்னார். அண்ணன் அதைக் கேட்கவே இல்லை. கண்ணாடியை மாட்டி, போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அவர் கவனம் அதிகாரியின் தோளைத் தாண்டிப் போய்விட்டது.

"ஏனுங்க ஆபீசர், உங்களுக்குப் பின்னால அது என்னுங்க? ஃபைல் கட்டு மேல நாலு போனு! நாலும் சார்ஜ்ல! ஒண்ணு மேல ஒண்ணா! பக்கத்துல திரைச்சீலை வேற தொங்குது! மணல் வாளி எங்கீங்க? ரூமுக்கு எத்தனை வாசலுங்க? ஒண்ணுதானுங்களா? அடக் கடவுளே! ஏனுங்க, பேசினது போதும், மொதல்ல அந்தப் பிளக்கப் புடுங்குங்க!"

அந்தக் குரலில் முப்பத்து நாலு வருட அதிகாரம் இருந்தது. அதிகாரி தன்னை மறந்து திரும்பிப் பார்த்தார். போன்களைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். திரைக்கு வெளியேயிருந்து ஒரு கை வந்து, நிஜமாகவே ஒரு பிளக்கைப் பிடுங்கியது. அடுத்த நொடி திரை இருண்டது.

கைது செய்தவரே தப்பி ஓடிய வழக்கு உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆறுதல் சொல்ல அண்ணனுக்குத் தெரியாது. போனை மேஜையில் தட்டையாக வைத்தார். தன் போனை எடுத்து நீட்டினார். "மொதல்ல பாப்பாவக் கூப்பிடுங்க" என்றார். மகள் மூன்றாவது மணியில் எடுத்தாள். "அம்மா, கிளாஸ்ல இருக்கேன். அப்புறம் பேசட்டுமா?" என்று கிசுகிசுத்தாள். அவ்வளவு அழகான குரலை நான் கேட்டதில்லை.

"என்னென்ன சொன்னீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றார் அண்ணன். எழுதிக்கொண்டார். கணக்கு எண் சொல்லியிருந்தேன். வங்கியிலிருந்து போனுக்கு வந்த ஆறு இலக்க ஓ.டி.பி. எண்ணை மட்டும் இன்னும் வாசித்திருக்கவில்லை. அடுத்த நிமிடம் வாசித்திருப்பேன். வங்கிக்குப் பேசிக் கணக்கை நிறுத்தி வைக்கச் செய்தார். சைபர் குற்றப் புகார் எண்ணுக்குப் பேச வைத்தார். குடை பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். அங்கே எழுத்தர் மேஜையில் ஒரு கோப்பின் மேல் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணனின் கை பரபரத்தது. எனக்காக அடக்கிக்கொண்டார். என் புகாருக்கு ரசீது கொடுத்த பிறகுதான், மெதுவாக அதைத் தூக்கி வெறும் மேஜையில் வைத்தார்.

ஒரு வாரம் எனக்குத் தெருவில் தலை காட்டக் கூச்சமாக இருந்தது. கதை பரவியிருக்கும் என்று நினைத்தேன். தலையணைக்கு அடியில் போன் வைத்தவர்களின் பெயரையெல்லாம் தெருமுனையில் நின்று வாசிக்கிற மனிதராயிற்றே! ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் எதிர்வீட்டு சரோஜாவிடம் நானே மெல்ல விசாரித்தேன். "அன்னிக்கு சேஃப்டி அண்ணன் உங்க கடையில கத்தினது மேல வரைக்கும் கேட்டுச்சுங்க. என்னான்னு கேட்டோம். 'ஜெராக்ஸம்மா சார்ஜ் போட்டுட்டே பேசினாங்க, கண்டிச்சேன்'னு மட்டும் சொன்னாருங்க" என்றார்.

அடுத்த மாதம் சமுதாயக் கூடத்தில் காவல்துறை ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியது. தெருவின் சார்பில் சேஃப்டி அண்ணன் பேசினார். ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். முதல் மூன்று நிமிடம் கூடத்தின் வாசல்கள் எங்கெங்கே இருக்கின்றன, தீப்பிடித்தால் யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்வதிலேயே போய்விட்டது. மிச்ச இரண்டு நிமிடத்தில், "யாரு கூப்பிட்டாலும் மொதல்ல நீங்க யாருன்னு கேளுங்க. பதில் சொல்லாம மெரட்டினா அவன் திருடன்னு அர்த்தம். போனை வெச்சுருங்க. வெச்சதும் பக்கத்து ஊட்டுக்காரங்ககிட்டச் சொல்லுங்க" என்றார்.

வந்திருந்த பெண் ஆய்வாளர், "இங்க யாருக்காவது இப்படி நடந்திருந்தா சொல்லுங்க. வெட்கப்பட ஒண்ணுமில்லை" என்றார். நான் எழுந்தேன். மேடையிலிருந்து அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததையும் சொன்னேன். நான்கு போன்களும் மணல் வாளியும் வந்தபோது கூடம் அதிரச் சிரித்தது. முடித்தபோது கைதட்டல் நிற்கவே இல்லை. எங்கள் தெருக்காரர்கள் அத்தனை பேரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று தட்டினார்கள். வயர் நறுக்கப்பட்டவர்களும் நின்றார்கள். சாக்ஸில் போனைத் தொங்கவிட்ட என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் முன்னால் நின்றார். பின்வரிசையில் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா கையைத் தூக்கி, "எனக்கும் வந்துச்சுங்க. வெளிய சொல்லத்தான் பயம்" என்றார். பிறகு ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். பிறகு இன்னும் இரண்டு பேர். அண்ணன் பத்து விரல்களையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் மேடையில் நின்றுகொண்டிருந்தார். இந்த மனிதர் எங்கள் தெரு என்று அன்றைக்கு நான் முன்பின் தெரியாத மூன்று பேரிடம் சொன்னேன்.

கூட்டம் முடியும்போது ஆய்வாளர் எல்லாருக்கும் ஒரு வேலை கொடுத்தார். போனில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பெயரைப் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். லாக்கைத் திறக்காமலே மற்றவர்கள் அந்த எண்ணைக் கூப்பிட முடியும். திரும்பி வரும் வழியில் அண்ணன் என் கடை வாசலில் நின்றார். போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல யாரு பேரைப் போடறதுங்க?" என்றார்.

போனைப் பற்றி அவர் பதில் தெரியாமல் கேட்ட முதல் கேள்வி அது. நான் அதை வாங்கி என் பெயரையும் எண்ணையும் போட்டுக் கொடுத்தேன். அவர் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். "டெஸ்ட் பண்ணிப் பாக்காத சாமான நம்பக் கூடாதுங்க" என்று அங்கேயே ஒருமுறை அடித்துப் பார்த்தார்.

அதிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு டெஸ்ட். என் போன் இரண்டு தடவை மணியடித்து நின்றுவிடும். அவர் நலம் என்று அர்த்தம். நான் எடுக்கக் கூடாது, மூன்றாவது மணி அடித்தால் மட்டுமே எடுக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு கடிகாரம் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

போன வாரம் ஒரு நாள் பத்து மணிக்கு வரவில்லை. பத்தே கால் ஆயிற்று. மேலே ஜன்னலில் கொடியும் இல்லை. கடையில் நான்கு பேர் நின்றார்கள். மிஷினில் யாருடைய சான்றிதழோ பாதி வந்துகொண்டிருந்தது. அப்படியே போட்டுவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் மழையில் படியேறினேன். இருபதாவது படியில் மூச்சு வாங்கிக் கம்பியைப் பிடித்தபோது, கையில் இருந்த போன் அடித்தது. திரையில் சேஃப்டி அண்ணன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.